ஜவ்வரிசியை எடுக்க மாட்டேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். பதில் இல்லாமல் வைக்கவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் கத்துவேன், உன் அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள். எழுதினால் நீ முழுவதையும் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன். உன் மனைவியும் படிக்கட்டும். இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்த ஒன்றிரண்டு விஷயங்களையும் இதிலேயே எழுதிவிடப் போகிறேன். பிறகு யாரும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது.

காணும் பொங்கலன்று உன் மாமனார் வீட்டார் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை. உன் மாமனார் சென்னையில் பெரிய ஓட்டலில் முப்பது வருஷம் விருந்துச் சமையலை நடத்திவிட்டு இப்போது திருவள்ளூரில் ஓய்வாக இருப்பவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். நீ என்ன சொன்னாய்? "நைனா, இந்த வருஷம் அந்த பிரட் கோழிலாம் வேணாம். நான் பொன்னேரில பிரியாணி சொல்லிட்டேன். நீ ஜாலியா ஒக்காந்து சாப்டு, அது போதும்." நீ கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்கெல்லாம் நின்றுகொண்டு பரிமாறியவனை, அவன் வீட்டில், அவன் செய்கிற ஒரே பண்டிகைச் சமையலின்போது உட்காரச் சொன்னால், அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. உன் மாமனார் கோழியைப் பிரித்து, உள்ளே இருக்கும் ரொட்டிப் பூரணத்தில் ஜவ்வரிசியைப் பார்த்து, இது என்ன என்று கேட்பார். அப்போது உன் தகப்பன் ஒரு தப்பைத்தான் இத்தனை வருஷமாகச் சமைத்துக்கொண்டிருக்கிறான் என்று நீ சொல்ல வேண்டி வரும். அதற்குத்தான் நீ பயப்படுகிறாய். பிரியாணி வெறும் சாக்கு.

அந்தப் பூரணம் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னதில் பாதி பொய். உண்மை இதுதான். தொழிற்பேட்டை விரிந்தபோது என் பங்காக வந்த நிலம் அதற்குள் போய்விட்டது. உன் பெரியப்பாவின் பங்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் தப்பியது. நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் கெஸ்ட் அவுஸில் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் சேர்ந்தேன். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. சமையலறைக்கு வரும் மூட்டையையும் டின்னையும் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். உள்ளே இருப்பது சர்க்கரை என்று தெரியும், அப்போது வெளியே இருக்கும் எழுத்து சர்க்கரை. அப்படித்தான் வெண்ணெய், வெங்காயப் பொடி, உலர்திராட்சை, ஆப்பிள் எல்லாம் படித்தேன். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டை வரும். அதன் மேல் பச்சை மையில் பெரிதாக நாலு எழுத்து இருக்கும். சேகோ. அதை நான் தூரத்திலிருந்தே படிப்பேன்.

ஒரு வருஷம் உலை பூட்டுவதற்காக மூன்று வெள்ளைக்கார என்ஜினீயர்கள் வந்திருந்தார்கள். வேலை முடியாததால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முடியவில்லை. பெரிய சமையல்காரருக்கு அம்மை போட்டிருந்தது. மேனேஜரும் லீவில் இருந்தார். அந்த மூவரில் வயதில் சின்னவன் ஒரு காகிதத்தோடு சமையலறைக்குள் வந்தான். அவன் அம்மா பண்டிகைக்குச் செய்வதாம். கோழிக்குள் ரொட்டியும் பழமும் வைத்துச் சுடுவதாம். இதெல்லாம் அவன் கையால் ஜாடை காட்டித்தான் எனக்குப் புரிந்தது. படிக்கத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியும் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றுவரை வட்டி கட்டுகிறேன்.

காகிதத்தில் கோழிமுட்டை மாதிரி உருட்டி உருட்டி எழுதியிருந்தான். ரொட்டி தெரிந்தது, வெண்ணெய் தெரிந்தது, ஆப்பிள் தெரிந்தது. இரண்டு சொல் தெரியவில்லை, அவற்றை விட்டுவிட்டேன். விட்டதால் ஒன்றும் ஆகவில்லை. தெரிந்ததாக நினைத்த சொல்லில்தான் விழுந்தேன். எஸ், ஏ, ஜி, அதற்குப் பிறகு ஒரு சுழி. என் மூட்டையில் இருக்கிற அதே நாலு எழுத்து. வெள்ளைக்காரன் ஊரிலும் ஜவ்வரிசி தின்கிறார்களே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டு ஸ்பூன் என்று போட்டிருந்தது. அத்தனை ரொட்டிக்கு இரண்டு ஸ்பூன் எந்த மூலைக்கு என்று இரண்டு கை அள்ளி ஊறவைத்தேன். ஆப்பிள் நாலுதான் இருந்தது. அதனால் பாதிப் பழுத்த கொய்யாவை விதை எடுத்துச் சேர்த்தேன். பேரீச்சை, உலர்திராட்சை, கமலாப் பழத்தின் தோலில் ஒரு பிடி. வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, காய்ந்த ரொட்டித் துண்டைப் போட்டு, மிளகைத் தட்டிப் போட்டுப் பிரட்டினேன். கோழிக்குள் அடைத்துக் கோணி ஊசியால் தைத்தேன்.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். சின்னவன் முள்கரண்டியின் நுனியில் ஒரு மணியைக் குத்தி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பளபளவென்று மீன் கண் மாதிரி இருந்தது. இது என்ன என்றான். சேகோ சார் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள், பார்த்தார்கள், பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அதில் கேலி இல்லை. பெரியவர் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். மூவரும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் மேனேஜர் திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அது ஜவ்வரிசி இல்லை, ஏதோ வாசனை இலை. சொல்லிவிட்டு, ஆனால் புது வருஷத்துக்கும் அதையே கேட்கிறார்கள், ஜவ்வரிசியோடு கேட்கிறார்கள் என்றும் சொன்னார்.

ஆகவே எனக்கு அது முதல் வாரத்திலேயே தெரியும். உனக்கும் உன் அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நான் சொன்னது வேறு. வெள்ளைக்காரன் எழுதிக் கொடுத்தபடி அணுவளவும் மாறாமல் செய்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கலாம். பொங்கல் நிலம் வைத்திருப்பவனின் பண்டிகை. உன் பெரியப்பா தன் வயலின் புது அரிசியைக் கொண்டுவந்து பானையில் போடுவார். நான் எதைப் போடுவேன்? கடையில் வாங்கிய அரிசியையா? அதனால்தான் காணும் பொங்கலன்று எல்லாரையும் கூப்பிட்டு, என் வேலை எனக்குக் கொடுத்ததை இலையில் வைத்தேன். பெரியப்பா முதலில் அதைக் கோழிக் கொழுக்கட்டை என்று கிண்டல் செய்தார். இரண்டு வருஷத்தில் அவரே வெளியாட்களிடம், எங்க ஊட்ல வெள்ளக்கார பூரணம், வந்து பாருங்க என்று பெருமை பேச ஆரம்பித்தார். பொய் என்னுடையது. பெருமை வீட்டில் எல்லாருக்கும் ஆகிவிட்டது. பிறகு அதை எங்கே திரும்ப எடுப்பது?

நீ கேட்டரிங் காலேஜில் சேர்ந்த இரண்டாவது வருஷம் அதை எடுத்தாய். எல்லாரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். "நைனா, அது சேகோ இல்ல, சேஜ். ஒரு எல. நம்ம கற்பூரவல்லி மாரி." பெரியப்பா வாயில் வைத்ததை விழுங்கக்கூட இல்லை. "அடப்பாவி, எலைக்கும் ஜவ்வரிசிக்கும் வித்தியாசம் தெரியாமயா இத்தினி வருஷமா எங்களுக்குப் படம் காட்டிகினு இருந்தே?" என்றார். உன் சித்தி மகன்கள் சிரித்த சிரிப்பில் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்தது. நான் தெரிந்தேதான் போட்டேன், அந்த இலை இங்கே கிடைக்காது என்றேன். அது இரண்டாவது பொய். நீ என்னைப் பார்த்த பார்வையிலேயே நீ நம்பவில்லை என்று தெரிந்தது. அதற்காக நான் உன்னோடு சித்திரை வரை சரியாகப் பேசவில்லை. சரியான விஷயத்தைச் சொன்னதற்காக ஒரு பிள்ளைக்குக் கிடைத்த தண்டனை அது.

அதற்கடுத்த வருஷம் நடந்ததைத்தான் எழுத வேண்டும். நீ சென்னையில் எங்கோ தேடி அந்த இலையின் தூளை ஒரு சின்ன பாட்டிலில் வாங்கி வந்தாய். காலையில் எழுந்து நீயே தனியாக ஒரு சட்டியில் பூரணம் செய்தாய். ஜவ்வரிசி இல்லாமல். மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நீ குளித்துவிட்டு வருவதற்குள் நான் அந்தச் சட்டியை எடுத்துப்போய் எருக்குழியில் கொட்டிவிட்டேன். கேட்டபோது, அடி பிடித்துவிட்டது, அதனால் கொட்டினேன் என்றேன். கழுவி வைத்திருந்த சட்டியை நீ எடுத்துப் பார்த்தாய். அதில் ஒரு கறுப்புப் பொட்டுகூட இல்லை. சட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இலை கழுவப் போனாய். அன்றைக்குப் பிறகு இந்த வீட்டு அடுப்பை நீ தொடவே இல்லை. சென்னையில் நூறு பேருக்குச் சமைக்கிறாய், இங்கே வந்தால் காபிகூடப் போடுவதில்லை. உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். விருந்தாளிகள் போன பிறகு ஒரே முறை சொன்னாள். "அது அடி புடிக்கல. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நீ ஒர்த்தன்தான் அடி புடிச்சிதுன்னு சொல்லிகினு கீற."

அவளுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. கொட்டுவதற்கு முன் நான் ஒரு வாய் எடுத்துத் தின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. ரொட்டி ஒட்டாமல் உதிரியாக, பழம் கரையாமல் இருந்தது, அந்த இலையின் வாசனை கடைசியில் வந்து நின்றது. கெட்டுப்போயிருந்தால் அதை அப்படியே இலையில் வைத்து எல்லாரையும் சிரிக்கவிட்டிருப்பேன். நன்றாக இருந்ததால்தான் கொட்டினேன். இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கையில் ஒரு வேலை வைத்திருப்பவன் இன்னொருவன் கை வேலையை எருக்குழியில் போடக் கூடாது. அதிலும் மகனுடையதை.

ஆனால் ஜவ்வரிசிக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இதை நீ நிதானமாகப் படி. அந்த வெள்ளைக்காரன் அம்மா எந்த ரொட்டியில் செய்தாளோ எனக்குத் தெரியாது. நம் பஜாரில் கிடைப்பது பால் ரொட்டி. இனிப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். இரண்டு நாள் மாடியில் காயவைத்தாலும் கோழியின் சாறு இறங்கியதும் கூழாகிவிடும். கொய்யாவும் தண்ணீர் விடும். ஊறி வடித்த ஜவ்வரிசி அந்தச் சாற்றைத் தான் வாங்கிக்கொள்கிறது. ரொட்டி ரொட்டியாக நிற்கிறது. நீ சட்டியில் தனியாகச் செய்ததால் உன்னுடையது உதிரியாக வந்தது. கோழிக்குள் வைத்துத் தைத்துப் பார், அப்போது பேசலாம். நான் படித்தவன் இல்லைதான். தப்பாகப் படித்து ஒன்றைப் போட்டேன். போட்ட பிறகு இருபத்திரண்டு காணும் பொங்கல் அதைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன். எத்தனை நேரம் ஊறினால் மணி உடையாது, எந்தக் கொய்யாவுக்கு எத்தனை பிடி, எல்லாம் என் கைக்குத் தெரியும். தொடங்கியது தப்பாக இருக்கலாம், இப்போது அது தப்பு இல்லை. உன் காலேஜ் புத்தகத்தில் இல்லை என்றால் புத்தகத்தில் இடம் விட்டுப் போயிருக்கிறது.

உனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று நீ நினைத்தாலும் சொல்கிறேன். உன் பெண்டாட்டி செய்யும் ஒன்று உன் அம்மா செய்வதுபோல் இல்லை என்று ஒருநாள் உனக்குத் தோன்றும். அன்றைக்கு அதைத் தப்பு என்று சொல்வதற்கு முன் முழுவதையும் சாப்பிட்டு முடி. நீ ஒரு தப்பைச் செய்தால் அன்றே சொல்லிவிடு. நான் முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் ஒரு நாள் சிரித்திருப்பார்கள், அதோடு போயிருக்கும். சொல்லாததால் அதைக் காக்க இரண்டாவது பொய்யும், அதைக் காக்க உன் சட்டியும் போயிற்று. மூன்றாவது, மாமனார் வீட்டுக்கு முன்னால் உன் வீட்டை மூடி மறைக்காதே. உன் அம்மா கை தையல் போட்ட கோழியும், உன் நைனா பொறுக்கி எடுத்த கொய்யாவும் சேர்ந்துதான் உன்னை அந்தக் காலேஜுக்கு அனுப்பின. அதை மறைத்தால் நீ எங்கிருந்து வந்தாய் என்று அவர்களுக்குச் சொல்ல உன்னிடம் என்ன இருக்கும்?

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். கோபப்படுவதானால் பட்டுக்கொள். நேற்றுக் காலை உன் மாமனாருக்கு நானே போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, சம்பந்தி, காணும் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் கோழிக்குள் ரொட்டிப் பூரணம், அதில் ஜவ்வரிசி இருக்கும், அது எழுத்தைத் தப்பாகப் படித்ததால் வந்தது என்று ஆரம்பித்து, தலையாட்டியதிலிருந்து பெரியப்பா சிரித்தது வரை அத்தனையும் சொல்லிவிட்டேன். உன் சட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது உனக்கும் எனக்கும் நடந்தது. என் குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்ற உன் அம்மா என் தோளில் கை வைத்தாள். உன் மாமனார் சிரிக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஊற வெச்சிப் போடுவீங்களா, அப்பிடியேவா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். ஊறவைத்து வடித்து, முக்கால் பதம் என்றேன். வெண்ணெயில் பிரட்டுவீங்களா என்றார். ரொட்டியைப் பிரட்டும்போது கடைசியில் என்றேன். வெயிலில் காய்ந்த ரொட்டியா, அடுப்பில் வாட்டியதா, கோழிக்குள் முழுக்க அடைப்பீங்களா, இடம் விடுவீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இடம் விடுவேன், ஜவ்வரிசி உப்பும் என்றேன். முப்பது வருஷம் பெரிய ஓட்டலில் இருந்தவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார், நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைக்கும் முன் அவர் ஒன்று சொன்னார். "வந்து துன்னு பாக்கறேன், சம்பந்தி. நல்லா இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"தாராளமா சொல்லுங்க. மாத்த மாட்டேன்னு நானும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்" என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

ஆகவே உனக்கு இனிப் பயம் வேண்டாம். மறைக்க எதுவும் மிச்சம் இல்லை. பொன்னேரிக்காரனுக்குப் போன் செய்து பிரியாணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றான். நான் உனக்கு அப்பன் என்று சொன்ன பிறகு வைத்துவிட்டான். கவரைப்பேட்டையில் ஆறு நாட்டுக்கோழிக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்று எனக்கு, மூன்று உனக்கு. மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானமே நீயும் உன் பெண்டாட்டியும் வந்துவிடுங்கள். அந்த இலைத் தூளை வாங்கி வா. சட்டியில் தனியாகச் செய்து தப்பித்துக்கொள்ளாதே, கோழிக்குள் வைத்துத் தை. ரொட்டி உனக்கும் சேர்த்தே காயப் போடுகிறேன். உன் மூன்று கோழிப் பக்கம் நான் வர மாட்டேன், உன் அம்மா அதற்குச் சாட்சி. என் மூன்று கோழிப் பக்கம் நீயும் வராதே, உப்பு சரியா என்றுகூடக் கேட்காதே. இரண்டையும் ஒரே நேரத்தில் இலையில் வைப்போம். எது முதலில் காலியாகிறது என்று நான் கண் எடுக்காமல் பார்ப்பேன். நீயும் பார்.

உன் நைனா